காயில்காரம்மாவின் வண்டி

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவிப் போட்டு, புதுக் கம்பி சுற்றித் தருவது அவள் தொழில். அதனால் காயில்காரம்மா. தண்ணீர் பம்பு, மர அறுவை இயந்திரம், ஆஸ்பத்திரி லிப்ட் என்று எது நின்றாலும் அவள் மேசைக்குத்தான் வரும்.

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவள் வலது காலை எடுத்துக்கொண்டது. கால் இருந்தது, பலம் இல்லை. தொடையில் கையை ஊன்றி அழுத்தித்தான் ஒவ்வோர் அடியும் வைப்பாள். ஓடியாட முடியாத பெண் சும்மா இருக்கக் கூடாது என்று அவளுடைய அப்பா பட்டறை மூலையில் உட்காரவைத்துக் கம்பி சுற்றக் கொடுத்தார். அதுவே பிழைப்பாயிற்று. பள்ளிக்கூடத்துக்கு அப்பாவின் சைக்கிள், பட்டறைக்கு அண்ணனின் ஸ்கூட்டர், கல்யாணத்துக்குப் பிறகு கணவனின் பைக். அவள் போன இடமெல்லாம் யாரோ ஒருவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே போன இடம்தான்.

கணவன் ஃபிட்டர். மோட்டாரைக் கழற்றிக் கொண்டுவருவது, கட்டி முடித்ததும் கொண்டுபோய்ப் பொருத்துவது அவன் பங்கு. “இவ கட்டினது எதுவும் எரியாது, என்னைத் தவிர” என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வான். அவள் தலை நிமிராமல் கம்பி சுற்றிக்கொண்டிருப்பாள். சிரிப்பதைக் காட்டிக்கொள்ள மாட்டாள். பிள்ளைகள் இல்லை. அந்தக் குறை இரண்டு பேருக்கும் இருந்தது. ஆனால் அதை ஒருவர்மேல் ஒருவர் ஏற்றிவைத்ததில்லை.

ஒரு மழை நாளில் பெரிய சந்திப்பில் லாரி ஒன்று வழுக்கி வந்து பைக்கை அடித்தது. பைக்கை ஓட்டியவன் அவளுடைய கொழுந்தன். பின்னால் உட்கார்ந்திருந்த கணவன் அங்கேயே போய்விட்டான். கொழுந்தனுக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்ததோடு போயிற்று.

கட்டுப் பிரித்த மறுநாளே கொழுந்தன் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். சலவைக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவன். ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் வெளுத்த விரிப்புகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. அன்றுமுதல் காலையில் அவளைப் பட்டறையில் விடுவதும் சாயங்காலம் வீட்டில் சேர்ப்பதும் அவன் பொறுப்பாயிற்று. வேனின் படி உயரம். அதற்கென்று ஒரு மரப்பலகை செய்து வைத்திருந்தான். பலகையைக் கீழே போட்டுவிட்டு, அவள் கதவோரக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத் தன்னை மேலே இழுத்துக்கொள்ளும்வரை முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வான். அந்த மரியாதை அவனுக்குத் தெரிந்திருந்தது.

பெரிய சந்திப்பு வழியாக மட்டும் அவன் போகவே மாட்டான். ஊரைச் சுற்றிக்கொண்டு போவான். அவளும் ஏன் என்று கேட்டதில்லை. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஓரக்கண்ணால் அவள் முகத்தைப் பார்ப்பான். வருடங்கள் ஓடின. பெண் பார்க்கலாமா என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றினான். கம்பெனி வேறு ஊரில் கிளை திறந்து, அதைப் பார்த்துக்கொள்ளப் போகச் சொன்னபோது முடியாது என்றுவிட்டான். அண்ணியைக் காலையில் யார் கொண்டுபோய் விடுவார்கள் என்பதுதான் அவன் சொன்ன காரணம். இதை அவள் அவன் வாயால் கேட்கவில்லை. துணி மூட்டை ஏற்ற வந்த ஆள் பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். அன்று அவளுக்குக் கம்பி சரியாக உட்காரவில்லை. சுற்றியதைப் பிரித்துத் திரும்பச் சுற்றினாள்.

அந்தச் சமயத்தில்தான் சர்வேயர் வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலம் ஆனவர். சாக்குப்பையில் ஒரு மோட்டாரைச் சுற்றிக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். இளவயதில் அவர் ஓட்டிய மின்சாரக் காரின் மோட்டார் அது. இருவர் மட்டும் உட்காரக்கூடிய, பொம்மை மாதிரியான கார். கட்டித் தரச் சொல்லி அவர் வரவில்லை. உள்ளே இருக்கும் செம்பை அவளே எடுத்துக்கொள்ளலாம், தெருவில் போட்டு உடைக்காமல் தெரிந்த கை ஒன்று பிரித்தால் போதும் என்றார்.

அவள் பிரித்தாள். கம்பிமேல் இருந்த வார்னிஷ் பொரிந்து உதிர்ந்தது. ஆனால் நடுவில் சுழலும் ஷாஃப்ட் நேராக இருந்தது. கார்பன் உரசும் செம்புப் பட்டைகள் தேயாமல் இருந்தன. விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இதுக்கு ஒண்ணும் ஆகலைங்க. ஈரம் குடிச்சிருக்கு, அவ்வளவுதான். வண்டி எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

“வண்டியில பூனை குட்டி போட்டிருக்கு” என்றார் சர்வேயர்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனோடு போய்ப் பார்த்தாள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அது நின்றது. முன்பக்கம் ஆப்பு மாதிரிச் சரிந்த ஃபைபர் உடம்பு. ஒரு காலத்தில் ஆரஞ்சு நிறமாக இருந்திருக்க வேண்டும். இருக்கைக்கு அடியில் வரிசையாகப் பழைய பேட்டரிகள். அவற்றிலிருந்து கசிந்த அமிலம் சட்டத்தைத் தின்றிருந்தது. பூனை முறைத்துவிட்டு இடம் கொடுத்தது.

கதவு அகலமாகத் திறந்தது. இருக்கை அவளுடைய பட்டறை முக்காலியின் உயரத்தில் இருந்தது. கொழுந்தன் வேனிலிருந்து மரப்பலகையை எடுக்க ஓடினான். அவள் திரும்பி நின்று, அப்படியே பின்னால் உட்கார்ந்து, வலது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டாள். கொழுந்தன் பலகையோடு வந்து நின்றபோது அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கண்ணாடி வழியாகக் கொட்டகைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் உதவியும் பலகையும் இல்லாமல் ஒரு வண்டிக்குள் ஏறியது அதுதான் முதல் தடவை. அவன் பலகையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றான்.

கார் பட்டறைக்கு வந்தது. சட்டத்தில் அழுகிய பகுதியை வெட்டி எடுத்து வெல்டர் புது இரும்பு வைத்தார். உடம்பின் விரிசல்களைப் படகு ரிப்பேர் செய்கிற ஒருவர் வந்து பூசினார். மிதக்குமா என்று கேட்டதற்கு, மிதக்கும், ஆனால் திரும்பாது என்றார். மோட்டார் மட்டும் அவள் கைவேலை.

பழைய அமைப்பில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒழுங்கான வழி கிடையாது. பேட்டரிகளை மாற்றி மாற்றி இணைத்துத்தான் ஓடும். சர்வேயர் சொன்ன கணக்குப்படி அதற்கு மூன்றே வேகம்: குலுக்கல், பெரிய குலுக்கல், ஓட்டம். தினமும் போய்வர அது உதவாது. அவள் மோட்டாரின் வெளிக் காயிலில் இருந்த தடித்த கம்பியைக் கழற்றிவிட்டு, மெல்லிய கம்பியைப் பல மடங்கு சுற்றுகள் சுற்றினாள். அப்படிச் செய்தால் அந்தக் காயிலைத் தனியாக ஆட்டிவைக்கலாம். வேகம் வழுக்கிக்கொண்டு ஏறும். முடுக்குவதை விட்டால் மோட்டாரே டைனமோவாகி வண்டியை இழுத்துப் பிடிக்கும், அந்த மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும். கட்டுப்படுத்தும் பெட்டி, கிடங்குகளில் சரக்குத் தூக்கும் வண்டி ஒன்றிலிருந்து வந்தது. ஈயப் பேட்டரிகள் இருந்த இடத்தில் பாதி எடையில் லித்தியம் பேட்டரி உட்கார்ந்தது. முடுக்குவதற்கு ஸ்டீயரிங் பக்கத்தில் கைப்பிடி. பிரேக் இடது காலுக்கு. சீட் பெல்ட், புது விளக்கு, மழை துடைப்பான் எல்லாம் வைத்தாள். வண்ணம் பூசி வெளியே நிறுத்திய அன்றே தெரு அதற்குச் சோப்பு டப்பா என்று பெயர் வைத்துவிட்டது.

பிரேக் வேலைக்குக் கொழுந்தனைக் கூப்பிட்டாள். வேன் பிரேக்கைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுகிறவன் அவன். வேலை இருக்கிறது என்றான். அடுத்த வாரமும் வேலை இருந்தது. காலையும் மாலையும் அவளை ஏற்றி இறக்கினான். ஆனால் பட்டறைக்குள் கால் வைப்பதை நிறுத்திவிட்டான். கார் நின்ற பக்கம் பார்க்கக்கூட மாட்டான். அவளும் மறுபடி கேட்கவில்லை. மோட்டாரே இழுத்துப் பிடிக்கிறதே என்று, பழைய பிரேக்குக்குப் புதுக் கேபிள் மட்டும் போட்டாள். பட்டறை முற்றத்திலும் பக்கத்துச் சமவெளிச் சாலையிலும் ஓட்டிப் பழகினாள். கை லேசாகத் தளர்ந்தாலே வண்டி பணிந்து நின்றது.

அவள் வீடு மேட்டில். ஒருநாள் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டுவிட்டு, நாளைக்கு வரவேண்டாம் என்று கொழுந்தனிடம் சொன்னாள். அவன் சரி என்றான். ஆனால் காலையில் தெருமுனையில் வேன் நின்றது. அவள் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போனாள். வேன் தூரத்திலேயே பின்தொடர்ந்தது.

இறக்கம் ஆரம்பித்த இடத்தில் அவள் முடுக்கும் கைப்பிடியை விட்டாள். வண்டி இழுத்துப் பிடிக்கவில்லை. நிரம்பி வழிகிற பேட்டரிக்குள் திரும்பும் மின்சாரம் போக இடமில்லை. பேட்டரியைப் பாதுகாக்கும் மின்சுற்று அதை வெட்டிவிட்டது. இது அவளுக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் அந்த நேரத்துக்கு நினைவில் இல்லை. பிரேக்கை மிதித்தாள். கேபிள் முறுக்கிக்கொண்டு முனகியது, வேகம் குறையவில்லை. கீழே சாலையில் ஆட்கள் கடந்துகொண்டிருந்தார்கள். கட்டுமான வேலைக்காக ஓரத்தில் கொட்டியிருந்த மணல் குவியலைப் பார்த்து ஸ்டீயரிங்கைத் திருப்பினாள்.

உதடு கிழிந்தது. மணிக்கட்டு பிசகியது. வண்டியின் மூக்கு பிளந்துவிட்டது. கொழுந்தன் வேனை நடுச்சாலையில் விட்டுவிட்டு ஓடிவந்தான். ஏன் தனியாகக் கிளம்பினீர்கள் என்று கேட்கவில்லை. மரப்பலகையைப் போட்டு வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். தையல் போடும்போது வெளியே நின்றுகொண்டு தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான் என்று நர்ஸ் பிறகு அவளிடம் சொன்னார்.

இரண்டாம் நாள் அவன் பட்டறைக்குள் வந்தான். ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினான், சக்கரங்களைக் கழற்றினான். கேபிள்களைப் பிடுங்கி மூலையில் எறிந்துவிட்டு, கொண்டுவந்திருந்த டிஸ்க் பிரேக்குகளையும் எண்ணெய்க் குழாய்களையும் துணியில் பரப்பினான். அவள் கட்டுப் போட்ட கையோடு முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் ஸ்பேனர் சத்தம் மட்டும்தான்.

வண்டிக்கு அடியிலிருந்து அவன் குரல் வந்தது. “என்கூட வரப் பிடிக்கலைன்னா சொல்லியிருக்கலாமே அண்ணி.”

“பிடிக்காம இல்ல தம்பி. நீங்க என் மூஞ்சியைப் பாத்துப் பாத்து ஓட்டுறீங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியல.”

ஸ்பேனர் நின்றது.

“நான் ஒருநாளும் கேட்டதில்ல” என்றாள். “இப்பக் கேக்கறேன். அன்னிக்கு என்ன நடந்துச்சு?”

அவன் வெளியே வரவில்லை. அடியில் படுத்தபடியே சொன்னான். முகத்தைப் பார்க்காமல் சொல்வதுதான் அவனுக்கு முடிந்தது. அன்றைக்கு அண்ணன்தான் ஓட்டுவதாக இருந்தது. காலையிலிருந்து ஏணியில் நின்று வேலை செய்து களைத்திருக்கிறாரே என்று சாவியை அவன்தான் பிடுங்கிக்கொண்டான். மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கி நிற்கலாமா என்று கேட்டான். அண்ணி காத்திருப்பா, போயிடலாம் என்றார் அண்ணன். சிக்னல் விழுந்ததும் எடுத்தான். லாரியை அவன் பார்க்கவே இல்லை. சத்தம்தான் கேட்டது.

“சாவியைக் குடுத்திருந்தா அண்ணன் இருந்திருப்பாரு” என்றான்.

“நீங்க இருந்திருக்க மாட்டீங்க.”

“அதைத்தான் சொல்றேன்.”

“அதைச் சொல்லாதீங்க” என்றாள் அவள். “யாரு இருக்கணும்னு என்கிட்ட யாரும் கேக்கல தம்பி. கேட்டிருந்தா ரெண்டு பேரும் வேணும்னுதான் சொல்லியிருப்பேன்.”

அவன் அழுதான் என்பது வண்டிக்கு வெளியே நீண்டிருந்த கால்கள் அசைந்ததில் தெரிந்தது. அவள் எழுந்து, தொடையில் கையை ஊன்றி நடந்து போய், துடைக்கிற துணியைக் குனிந்து அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். சாயங்காலத்துக்குள் முன் சக்கரங்களின் வேலை முடிந்தது.

கைக்கட்டுப் பிரித்ததும் பரிசோதனை ஓட்டம். இந்தத் தடவை பேட்டரியை நிரம்ப விடாமல் கொஞ்சம் குறைத்தே நிறுத்திவிடும்படி சார்ஜரை மாற்றி அமைத்திருந்தாள். கொழுந்தன் பக்கத்து இருக்கையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தான். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தாள். வண்டி நறுக்கென்று நின்றது, அவன் தலை கண்ணாடியில் முட்டியது. “பிரேக் பிடிக்குது” என்றான் தடவிக்கொண்டே. அவள் சிரித்துவிட்டாள். பெரிய சந்திப்புக்குப் போகும் திருப்பத்தில் வேகத்தைக் குறைத்து அவனைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் திருப்பினாள்.

சாதாரணச் சந்திப்புதான். செருப்புக் கடை, மருந்துக் கடை, விளம்பரப் பலகை. சிவப்பு விழுந்து நின்றபோது அவன் கதவின் பிடியைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டான். அவள் நேராகச் சாலையைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற பேருந்தின் சக்கரம் அவர்கள் கண்ணாடி உயரத்துக்கு இருந்தது. பச்சை வந்தது. கைப்பிடியைத் திருகினாள். சத்தமே இல்லாமல் வண்டி அந்த இடத்தைக் கடந்தது.

உரிமம் வாங்குவது தனிப் பாடு. சோதிக்க வந்த அதிகாரி வண்டியை ஒருமுறை சுற்றி வந்து, இது எந்த வகையில் சேரும் என்று தன் ஆட்களைக் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் அவரே உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தார். இறங்கும்போது ஒரு கால் சிக்கிக்கொண்டது, இரண்டு பேர் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. “நான் ஏறுறதுக்குக் கஷ்டப்படற வண்டியில இந்தம்மா சுலபமா ஏறுறாங்க. அவங்களுக்கான வண்டிதான்” என்று சொல்லி எழுதிக்கொடுத்தார்.

கிளைக்குப் போகும்படி கொழுந்தனிடம் அவள் சொல்லவில்லை. அவனே கம்பெனியில் போய்க் கேட்டான். இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. கிளம்புகிற அன்று, வேனைப் புது ஓட்டுநரிடம் ஒப்படைக்கும் முன் மரப்பலகையைக் கொண்டுவந்து கொடுத்தான். அவள் அதன்மேல் பட்டறையில் வார்னிஷ் டப்பாக்களை அடுக்கிவைத்தாள்.

தன்னந்தனியாகப் போய்வந்த முதல் சில வாரங்கள் அவள் நினைத்திருந்த மாதிரி இல்லை. விடுதலை என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் காலையில் வாசலில் ஹாரன் சத்தம் இல்லை. வேனில் அவர்கள் பெரிதாக ஒன்றும் பேசிக்கொண்டதில்லை என்றாலும், பேசாமல் பக்கத்தில் ஓர் ஆள் இருப்பது வேறு, ஆளே இல்லாதது வேறு. சிக்னலில் நிற்கும்போது அவளையறியாமல் பக்கத்து இருக்கையைப் பார்ப்பாள். கணவன் போனபோது அழவேண்டிய அழுகையில் ஒரு பங்கு அப்போதுதான் வந்தது. சாவு நடந்த அந்த நாட்களில் சுற்றிலும் ஆட்கள் இருந்ததால் முடியவில்லை. மூடிய கண்ணாடிகளுக்குள் யாருக்கும் தைரியம் சொல்லவேண்டிய அவசியம் இல்லாமல் அழுதாள். பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடித்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுப்பாள்.

பிறகு அந்த இருக்கைக்கும் வேலை வந்தது. ரிப்பேர் மோட்டார்களை அதில் வைத்துப் பெல்ட் மாட்டிக் கொண்டுவரத் தொடங்கினாள். ஒருநாள் சர்வேயரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அவர் வழியெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு வந்தார். குலுக்கல் போய்விட்டதே என்று பாராட்டினார். கொஞ்சம் கழித்து, அந்தக் குலுக்கலில் தன் மனைவி ஒவ்வொரு தடவையும் தன் தோளைப் பிடித்துக்கொள்வாள் என்றார். ஆஸ்பத்திரி வரும்வரை அவள் வண்டியை மெதுவாகவே விட்டாள்.

கொழுந்தன் புதுக் கிளையில் கணக்குப் பார்க்கிற பெண்ணைக் கட்டிக்கொண்டான். கல்யாணத்துக்கு அவ்வளவு தூரம் வண்டி தாங்காது, ரயிலில்தான் போனாள்.

அடுத்த கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துருத் தேய்க்கிற உப்புத்தாள் வாங்கக் கிளம்பினாள். கடை அடைத்திருந்தது. திரும்பவேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகப் போனாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. கிடங்குகளைத் தாண்டி, ஒரு பாலத்துக்கு அடியில் புகுந்து, இதுவரை பார்த்திராத சாலை ஒன்று ஆற்றங்கரையில் முடிகிற இடம்வரை போனாள். அங்கே ஒரு பம்பு நிலையம் இருந்தது. காவல்காரர் எழுந்து வந்து, வண்டியை விநோதமாகப் பார்த்துவிட்டு, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

“யாரையும் இல்ல. சும்மா வந்தேன்.”

காவல்காரர் தலையை ஆட்டிவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பினார். அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆற்றில் தண்ணீர் குறைவாக ஓடியது. வெயில் ஏறியதும் மீட்டரில் எவ்வளவு சார்ஜ் மிச்சம் இருக்கிறது என்று பார்த்தாள். வீடு போய்ச் சேரப் போதும். வலது காலை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினாள்.